மோலியேர் காரைக்காலுக்கு வந்தபோது

1673ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் இரவு பாரிஸ் மாநகரில் ஒரு நடிகர் இறந்துகொண்டிருந்தார். தாமே எழுதிய நகைச்சுவை நாடகத்தில், நோயே இல்லாமல் தம்மை நோயாளி என்று எண்ணிக்கொள்ளும் ஒருவராக நான்காம் முறை மேடையேறி, நடிப்பினிடையே மெய்யான நோயால் தளர்ந்து வீடு வந்து சேர்ந்தவர் அவர். குருவானவரை அழைத்துவர ஆள் ஓடிற்று. சான் ஊஸ்தாஷ் பங்கின் குருக்கள் இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மேடைத் தொழிலைக் கைவிடுவதாக வாக்களிக்காத நடிகருக்கு அருளடையாளங்களும் இல்லை, கிறிஸ்தவ அடக்கமும் இல்லை என்பது அந்நாளில் பிரெஞ்சு மறைமாவட்டங்கள் பலவற்றின் ஒழுங்கு. மனைவி பேராயருக்கு விண்ணப்பம் எழுதினார்; அரசர் பதினான்காம் லூயியிடமும் முறையிட்டார். அரசர் குறுக்கிட்ட பின்னரே, 21ஆம் நாள் இரவு, ஆடம்பர வழிபாடு ஏதுமின்றி, அவ்வுடல் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அவரைத்தான் உலகம் மோலியேர் என்று அழைக்கிறது.

இதை நாம் குருமடத்தில் படித்ததில்லை. அந்த நூற்றாண்டின் திருச்சபை வரலாறு என்றால் ஜான்சனியம், கால்லிக்கனியம், நான்கு விதிகள் என்று மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்தோம். இரவில் புதைக்கப்பட்ட நடிகரைப் பற்றி எந்தப் பேராசிரியரும் வாய் திறக்கவில்லை. ஐம்பதைக் கடந்த வயதில், காரைக்காலில் ஒரு பங்கின் திருவிழா நாடகத்தின் பொருட்டே அவரை நாம் சந்திக்க நேர்ந்தது.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திருவிழாவுக்கு என்ன நாடகம் போடுவது என்று இளைஞர்கள் கூடிப் பேசியபோது, வழக்கமாக எழும் பெயர்களே எழுந்தன. ஞானசவுந்தரி, எஸ்தாக்கியார், ஊதாரிப் பிள்ளை. பங்கில் பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்தாம், "நம்ம ஊரு இருநூறு வருஷத்துக்கு மேல பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்துச்சே சாமி, அவன் சிரிச்ச சிரிப்பு ஒண்ணாவது நமக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டார். 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. 1962இல் சட்டப்படியும் இணைந்தது. அவர்கள் விட்டுச்சென்ற தெருப்பெயர்களும், ஓய்வூதியமும், பாரிசில் குடியேறிய உறவினரும் நம்மிடம் இன்றும் உண்டு. சிரிப்பு மட்டும் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. பெரியவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அவர் எடுத்துக் கொடுத்த நாடகம், மோலியேர் 1671 மே 24இல் அரங்கேற்றிய ‘ஸ்கப்பேனின் தந்திரங்கள்’. தமிழ் மேடைக்கு இது முற்றிலும் புதியதன்று. பம்மல் சம்பந்த முதலியார், ஷேக்ஸ்பியரை அமலாதித்யனாகவும் வாணீபுர வணிகனாகவும் தமிழாக்கிய கையோடு, இதையும் ‘காளப்பன் கள்ளத்தனம்’ என்ற பெயரில் தமிழுடுத்திக் கொண்டுவந்தார். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர் மேடையேறுவது இழிவு என்றிருந்த நினைப்பை மாற்றியவர் அவர். நடிகன் என்றால் மதிப்பில்லாதவன் என்ற எண்ணம் பாரிசுக்கு மட்டும் உரியதன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். துறைமுக நகரமான நாபொலியில் இரண்டு கிழத் தந்தையர். இருவரும் ஊரில் இல்லாத வேளையில், ஒருவர் மகன் ஏழைப் பெண்ணொருத்தியை இரகசியமாக மணந்துகொள்கிறான். மற்றவர் மகன் நாடோடிக் கூட்டத்துப் பெண் ஒருத்தியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். இருவருக்கும் பணம் வேண்டும். ஸ்கப்பேன் என்னும் வேலைக்காரன் இரண்டு கிழவரிடமிருந்தும் அதைக் கறந்து கொடுக்கிறான். அவ்வளவுதான். கி.மு. 161இல் உரோமையில் தெரென்சு எழுதிய நாடகத்திலிருந்து மோலியேர் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டார். தெரென்சு கிரேக்கர் ஒருவரிடமிருந்து எடுத்தார். ஆக, நம் இளைஞர்கள் கையில் வந்து சேர்ந்தது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சரக்கு.

பங்குப் பேரவையில் முதல் எதிர்ப்பு வந்தது. அப்பனை ஏமாற்றும் மகன்கள், எஜமானனைச் சாக்கில் கட்டி அடிக்கும் வேலைக்காரன், இறுதியில் மன்னிப்பு, தண்டனை இல்லை. அன்னையின் திருவிழாவில் இது தகுமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேள்வி எளியதன்று. மோலியேரின் காலத்தில் பொசுவே ஆயரைப் போன்ற பெருமகனே இதே கேள்வியைக் கேட்டார். தெயாத்தின் சபைக் குரு ஒருவர் நாடகத்துக்கு ஆதரவாக எழுதியதற்கு மறுப்பாக 1694இல் பொசுவே ஒரு நூல் எழுதினார். இறந்து இருபத்தோராண்டுகள் ஆகியிருந்த மோலியேரை அதில் மீண்டும் இழுத்து நிறுத்தி, மேடையின் வேடிக்கையிலிருந்து நேரே நடுவரின் முன்னிலைக்குப் போனவர் என்று நடுங்க வைக்கிறார். இப்போது சிரிப்போருக்குக் கேடு என்ற லூக்கா நற்செய்தியின் 6ஆம் அதிகாரச் சொல்லே அவருக்குச் சான்று.

நாம் பேரவைக்குச் சொன்ன பதில் வேறிடத்திலிருந்து எடுத்தது. புனித தோமா அக்குவினார் தமது ‘இறையியல் தொகுப்பில்’ இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 168ஆம் வினாவில் விளையாட்டையும் வேடிக்கையையும் ஆராய்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டியதுபோல் உழைத்த மனத்திற்கு விளையாட்டு வேண்டும் என்கிறார். நடிகரின் தொழில் தன்னளவில் பாவமன்று என்கிறார். அதோடு நில்லாமல், தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பதையும் கெடுப்பவனிடமும் குறை உண்டு என்று ஒரு போடு போடுகிறார். பொசுவே இவ்விடத்தைப் படிக்காதவர் அல்லர். படித்துவிட்டுச் சுற்றிவளைத்துத் தாண்டிப் போகிறார். மோலியேரையே எழுத்தும் இலத்தீனும் கற்பித்து வளர்த்தது பாரிசில் இயேசு சபையாரின் கிளெர்மோன் கல்லூரி. அச்சபையின் 1599ஆம் ஆண்டுக் கல்வித் திட்டம் கல்லூரி மேடையில் நாடகத்தை அனுமதித்தது. இலத்தீனில் மட்டும், அரிதாக, பக்திப் பொருளில், பெண் வேடமே இல்லாமல். பெண் வேடத்தை ஆண் கட்டிய நம் பாட்டனார் காலத்துப் பாஸ்குக் குழுவினருக்கு இந்த விதி வியப்பாக இராது. 2024 சூன் 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் பல நாடுகளின் நகைச்சுவைக் கலைஞர் நூற்றுக்கும் மேற்பட்டோரை வத்திக்கானுக்கு அழைத்துப் பேசியதையும், நேசிப்பவரோடு விளையாடிச் சிரிப்பது போல இறைவனோடும் சிரிக்கலாம் என்று அவர்களிடம் கூறியதையும் சொன்னோம். மூத்த உறுப்பினர் திருத்தந்தையின் பெயரைக் கேட்டதும் அமைதியானார். அக்குவினார் அவரை அசைக்கவில்லை. பங்குப் பேரவைகளில் இது இயல்பு.

இனி நாடகத்தை நிகழ்த்தும் வேலை. இங்குதான் நாம் எதிர்பாராத பாடங்கள் கிடைத்தன. பழைய நகைச்சுவையைப் புதிய அவைக்கு எடுத்துவரும்போது கதை சேதமடைவதில்லை, சிரிப்புத்தான் சேதமடைகிறது. துன்பியல் நாடகத்தில் அழுகை முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி வந்துவிடும். சிரிப்புக்கு ஊர் வேண்டும், தெரு வேண்டும், அன்றைய விலைவாசி வேண்டும். செக் நாட்டினர் இன்றும் ஆடும் பழைய நகைச்சுவை ஒன்று உண்டு. ஸ்த்ரோபெஜ்நிட்ஸ்கி என்பவர் எழுதி 1887இல் பிராகா நகரின் தேசிய அரங்கில் மேடையேறியது. ஒரு சிற்றூரில் இரவுக் காவலாள் வேலை யாருக்கு என்பதில் ஊரே இரண்டாகிறது. அவ்வளவுதான் கதை. அதை அப்படியே மொழிபெயர்த்தால் யார் சிரிப்பார்? நமது கொம்யூன் எதிலாவது வாட்ச்மேன் வேலைக்கு நடக்கும் இழுபறி என்று வையுங்கள், முதல் காட்சியிலேயே கொட்டகை அதிரும்.

சம்பந்த முதலியாரின் நடையை இளைஞர்களால் வாயில் வைக்க முடியவில்லை. அது அவருடைய குறையன்று. சென்னைச் சபை ஒன்றின் படித்த அவைக்கென எழுந்த தமிழ் அது. ஆகவே, பிரெஞ்சு மூலத்தைப் பெரியவர் வரி வரியாக விளக்க, இளைஞர்கள் அதைக் காரைக்கால் பேச்சில் சொல்லிப் பார்க்க, நாம் எழுதிக்கொண்டோம். சூன் மாதம் முழுவதும் இவ்வாறு போயிற்று. வேலைக்காரனுக்குக் காளப்பன் என்ற பெயரை மட்டும் முதலியாருக்கு மரியாதையாக வைத்துக்கொண்டோம்.

வழக்குக் காட்சி எந்த மாற்றமும் கேட்கவில்லை. மகனின் இரகசியத் திருமணத்தை நீதிமன்றத்தில் செல்லாததாக்குவேன் என்று குதிக்கும் கிழவரிடம் வேலைக்காரன் வழக்கின் செலவை அடுக்குகிறான். எழுத்தருக்கு இவ்வளவு, அமீனாவுக்கு இவ்வளவு, பதிவுக்கு இவ்வளவு, அறிவுரைக்கு இவ்வளவு, கையொப்பத்துக்கு இவ்வளவு. மோலியேர் இளமையில் சட்டம் படித்தவர் என்பர். படித்திராவிட்டாலும் பட்டிருக்கிறார் என்று இக்காட்சி சொல்கிறது. நம் இளைஞர் சேர்த்தது ஜெராக்ஸ் செலவு ஒன்றுதான்.

கைப்பேசிதான் பெரிய இடையூறாக நின்றது. பழைய நகைச்சுவைகள் எல்லாமே ஒருவர் எங்கிருக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியாமையால் ஓடுபவை. மகன் ஆபத்தில் இருக்கிறான் என்று வேலைக்காரன் சொன்னால், இன்றைய தந்தை உடனே போன் போட்டுக் கேட்டுவிடுவாரே! காலத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பிரெஞ்சு ஆட்சிக் காலக் காரைக்காலாக வைத்துவிடலாம் என்று சிலர் கூறினர். தொப்பியும் கோட்டும் வாடகைக்கு எடுக்கலாம், அழகாக இருக்கும் என்றனர். நாம் இசையவில்லை. வேடிக்கை பார்க்க வருபவருக்கு அது பிறர் வீட்டுக் கதையாகிவிடும். இந்தச் சிக்கல் பிறகு தானாகவே அவிழ்ந்தது; அதைக் கீழே சொல்லுகிறோம்.

நாடோடிக் கூட்டத்துப் பெண்ணை நரிக்குறவர் பெண்ணாக்கிவிடலாம் என்பது முதலில் எழுந்த யோசனை. மணியும் ஊசியும் பாசியும் கையில் கொடுத்து, அந்தப் பேச்சைப் பேசவிட்டால் சிரிப்பு நிச்சயம். தமிழ் மேடையும் திரையும் நெடுங்காலம் செய்துவந்ததுதான். நம் கோயில் வாசலில் திருவிழா அன்று வளையல் கடை விரிக்கும் அம்மக்கள் அவையில் அமர்ந்திருக்கும்போது அதைச் செய்வது எவ்வாறு? அவளை ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ் கூட்டத்துப் பெண்ணாக மாற்றினோம். சிரிப்பு சற்றுக் குறைந்தது; குறையட்டும் என்று விட்டோம்.

சாக்குக் காட்சி நேர்மாறானது. தம்மைக் கொல்ல ஆட்கள் வருவதாக நம்பிக் கிழவர் சாக்குக்குள் ஒளிந்துகொள்ள, வேலைக்காரன் ஒவ்வோர் ஊர்க்காரன் குரலிலும் பேசிக்கொண்டே அவரை மொத்துகிறான். மோலியேரின் நண்பரும் திறனாய்வாளருமான புவலோவே இந்தச் சாக்கைக் கண்டு முகம் சுளித்தார். உயர்ந்த நாடகாசிரியர் சந்தைக் கூத்துக்கு இறங்கிவிட்டார் என்று 1674இல் எழுதினார். நமக்குச் சந்தைக் கூத்தில் குறையொன்றும் தோன்றவில்லை. மூலத்தில் காஸ்கோனி நாட்டான் குரலும் சுவிஸ் நாட்டான் குரலும் வருகின்றன. நாம் சென்னைக்காரர் குரலையும், விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்திறங்கிப் பாதி பிரெஞ்சும் பாதித் தமிழுமாய் அதட்டும் சொல்தாவின் குரலையும் வைத்தோம். சொல்தா குடும்பத்தினரே முன்வரிசையில் அமர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தனர். தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பது வேறு, எளியவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. வேலைக்காரன் அடிக்கிறான், எஜமானன் சாக்குக்குள் இருக்கிறான் என்பதே அக்காட்சியின் நியாயம். மாற்றிப் போட்டால் அது கொடுமை.

முடிவுக் காட்சியில் நம் இளைஞர்கள் நம்மைத் திகைக்க வைத்தனர். மோலியேரின் நாடகத்தில் கடைசியில் இரண்டு பெண்களுமே அந்தக் கிழவர்களின் காணாமற்போன மகள்கள் என்று தெரியவருகிறது. இரகசியமாக மணந்த பெண், தந்தையே பார்த்து வைத்திருந்த பெண்தான். எல்லாரும் மகிழ்கின்றனர். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் ஒத்திகையில் எழுந்து கேட்டாள்: "கடைசியில சொந்தத்துலயேதான், சொந்த சாதியிலயேதான் கட்டினான்னு முடிஞ்சா, அப்பா ஜெயிச்ச மாதிரிதானே சாமி? அப்புறம் எதுக்கு இவ்ளோ நேரம் நாடகம்?"

தெரென்சு காலம் முதல் யாரும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை. கேட்கவே இல்லை என்பதும் பொருந்தும். ஆனால், 1745இல் புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதிச் சுவர் ஒன்றைப் பற்றி எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கும் நிலப்பகுதியில், இக்கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக இயலாது. அந்தச் சுவர்கள் கோயில்களிலிருந்து போயின. கல்யாணப் பேச்சுகளிலிருந்து போயினவா என்பதை இவ்விதழைப் படிக்கும் பெற்றோர் அறிவர். நாம் ஒரு வரியையும் புதிதாகச் சேர்க்கவில்லை. இரண்டு காட்சிகளின் வரிசையை மட்டும் மாற்றினோம். பெண் யார் என்பது தெரியவருவதற்கு முன்பே, ஒரு கிழவர், "யாரா வேணா இருக்கட்டும், என் மகன் கட்டுனவ" என்று கதவைத் திறக்கிறார். பிறப்பின் இரகசியம் அதன் பிறகு வருகிறது. வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்றாகிவிடுகிறது. மற்றக் கிழவரை மோலியேர் எழுதியபடியே விட்டோம். இரு வகைத் தந்தையரும் நம் பங்கில் இருக்கின்றனர்.

இவையெல்லாம் சிறியவை. நம்மைத் தூங்கவிடாமல் செய்தது கப்பல் காட்சி.

நாடகத்தின் உயிர்நிலை அது. கஞ்சக் கிழவரிடம் வேலைக்காரன் ஓடிவந்து ஒரு பொய் சொல்கிறான். துறைமுகத்தில் உலாவிக்கொண்டிருந்த மகனைத் துருக்கியன் ஒருவன் தன் கப்பலைப் பார்க்க அழைத்தான், விருந்து வைத்தான், விருந்து நடக்கும்போதே கப்பலைக் கடலுக்குள் செலுத்திவிட்டான், உடனே ஐந்நூறு பொற்காசு தராவிட்டால் மகனை அல்ஜீருக்குக் கொண்டுபோய் அடிமையாக விற்றுவிடுவான். கிழவர் புலம்புகிறார், கோபிக்கிறார், போலீசை அனுப்பு என்கிறார், மகனுக்குப் பதிலாக நீ போய்ப் பிணையிரு என்கிறார், பழைய துணிகளை விற்றுக்கொள் என்று சாவியை நீட்டுகிறார். ஒவ்வொரு முறையும், அவன் எதற்காக அந்தக் கப்பலுக்குப் போனான் என்ற ஒரே கேள்விக்குத் திரும்புகிறார். இறுதியில் பணப்பையை எடுக்கிறார். கொடுப்பதுபோல் கையை ஆட்டி ஆட்டிப் பேசிவிட்டு, மறந்தவராய்ப் பையைத் தம் சட்டைக்குள்ளேயே போட்டுக்கொள்கிறார். அந்தக் கேள்வி பிரெஞ்சு மொழியில் பழமொழியாகவே ஆகிவிட்டது.

ஒத்திகையில் இக்காட்சியைப் படித்ததும் ஒரு பையன், "துருக்கியன் யாருக்குத் தெரியும் சாமி? சிலோன் நேவின்னு போட்டா கச்சிதமாப் பொருந்தும்" என்றான். பொருந்தியது. கைப்பேசிச் சிக்கலும் அதனாலேயே அவிழ்ந்தது. கரையிலிருந்து சில மைல் தாண்டிவிட்டால் போன் எடுக்காது, தந்தை கேட்டறிய வழியில்லை. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதுதான் நமக்கு அச்சத்தைத் தந்தது.

2025 சனவரி 28 அதிகாலை, காரைக்காலிலிருந்து சென்ற படகு ஒன்றை நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படை மறித்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. பதின்மூன்று மீனவர் கைதாயினர். ஐவர் காயமுற்றனர், அவர்களுள் இருவருக்குக் கடுங்காயம். இந்திய அரசு இலங்கைத் தூதரக அதிகாரியை அழைத்துத் தன் கண்டனத்தைத் தெரிவித்தது. நாம் ஒத்திகை நடத்தியது அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பின்னர். காரைக்கால் மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரி மேடு, பட்டினச்சேரி ஆகிய ஊர்களின் மீனவ மக்களுள் மிகப் பெரும்பாலோர் இந்து சமயத்தினர். ஆயினும் அன்னையின் தேர்பவனிக்கு அவர்கள் வராத ஆண்டு கிடையாது. பிள்ளையைக் கடலில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற சொல்லைக் கேட்டு வயிறு கலங்கியவர்கள் அந்த அவையில் இருப்பார்கள். அவர்கள் முன்னே அச்சொல்லை வேடிக்கையாக்குவதா? காட்சியை வெட்டிவிடலாம் என்று நினைத்தோம். வளைகுடா வேலைக்கு ஆள் அனுப்பும் தரகர் பிடித்து வைத்திருக்கிறார் என்று மாற்றலாமா என்றும் எழுதிப் பார்த்தோம். காட்சி சப்பென்று இருந்தது.

ஆனால், 1671இல் பாரிசில் அமர்ந்து சிரித்தவர்களுக்கும் அது வெறும் வேடிக்கையாய் இருந்ததில்லை. மத்தியதரைக் கடலில் ஆள்பிடித்து விற்பது அன்று நடைமுறையில் இருந்த கொடுமை. தோன் கிஹோத்தே எழுதிய செர்வாந்தெஸ் 1575 முதல் 1580 வரை ஐந்தாண்டுகள் அல்ஜீரில் கைதியாய்க் கிடந்து, திரித்துவ சபைத் துறவியர் கட்டிய பணத்தால் மீண்டவர். கைதிகளை மீட்பதற்கென்றே 1198இல் புனித மத்தா அருளப்பர் அச்சபையை நிறுவினார். 1218இல் புனித பேதுரு நொலாஸ்கோ இரக்க அன்னையின் சபையைத் தொடங்கினார். பிடிபட்டவருக்குப் பதிலாகத் தாமே பிணையிருப்போம் என்பது இரக்க அன்னை சபையாரின் நான்காம் வார்த்தைப்பாடு. கோயில்களில் அதற்கெனக் காணிக்கை எடுத்தார்கள். புனித வின்சென்ட் தே பவுல் தூனிசுக்கும் அல்ஜீருக்கும் குருக்களை அனுப்பினார். ஞாயிறு காலையில் கைதிகளை மீட்கக் காசு போட்ட கைகளே மாலையில் இந்தக் காட்சிக்குத் தட்டியிருக்கக் கூடும். அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள்?

இக்கேள்வியோடு நாம் இருந்தபோது, ஒத்திகை பார்க்க வரும் விசைப்படகுத் தொழிலாளி ஒருவரிடம் காட்சியை விளக்கிக் கருத்துக் கேட்டோம். ஐம்பது வயதிருக்கும். தாமும் ஒருமுறை பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருந்து மீண்டவர். முழுவதையும் கேட்டுவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்து, "வெட்ட வேணாம் ஃபாதர். புடிச்சிட்டுப் போனவனப் பாத்துச் சிரிக்க வச்சீங்கன்னா தப்பு. காச மடியில வச்சிக்கிட்டு எடுக்காதவனப் பாத்துத்தானே சிரிக்கப் போறோம்? அவன் மாதிரி ஆளு எங்க ஊர்லயும் இருக்கான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தக் கெழவன் கேக்குறான் பாருங்க, எதுக்குப் போனேன்னு. வெளிய வந்தப்ப எங்கள எல்லாருமே அதத்தான் கேட்டாங்க" என்றும் சொன்னார்.

காட்சி அப்படியே இருக்கட்டும் என்று அன்றே முடிவாயிற்று. ஒன்றை மட்டும் நாம் வற்புறுத்தினோம். கடற்படை என்ற பெயரோ சிங்களவர் என்ற சொல்லோ மேடையில் வரலாகாது; அக்கரைத் தமிழ்ப் பேச்சை யாரும் நையாண்டி செய்யவும் கூடாது. இளைஞர்களுக்கு இது பிடிக்கவில்லை. கைதட்டல் அங்கேதானே விழும் என்றனர். விழும், அதனால்தான் வேண்டாம் என்றோம். கடலின் மறுகரையில் வலை அறுபட்டு நிற்பவர்களும் தமிழர்களே. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்களுள் எத்தனையோ பேர் நம் திருப்பலியையே காண்பவர்கள். நம் இழுவை மடி அவர்கள் கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு போகிறது என்பது அவர்களுடைய குறை. இலங்கை 2017இல் அந்த முறையைச் சட்டத்தால் தடை செய்தது. சுட்டவன் செய்தது சரியென்று ஆகாது. ஆயினும், அவர்களை அரக்கராக்கிக் கைதட்டு வாங்குவது மலிவான வேலை. மேலும் ஒன்று: மோலியேரின் கதையில் துருக்கியன் என்று ஒருவனே இல்லை. அது வேலைக்காரன் கட்டிய பொய். அச்சத்தைக் காட்டிப் பணம் பறிக்கிறான் அவன். அன்பைவிடப் பணப்பையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறார் கிழவர். இரண்டும் நடப்பது கரையில்தான்.

ஆகவே, நம் மேடையில் காளப்பன், "கப்பல்காரங்க புடிச்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னான்.

திருவிழா இரவில் அச்சொல் விழுந்தபோது அவை ஒரு கணம் அடங்கிற்று. பின்வரிசையில் நின்றிருந்த மேட்டுப் பெண்கள் சிலர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதைப் பக்கவாட்டுத் திரை ஓரமாக நின்ற நாம் கண்டோம். கிழவர் வேடம் கட்டிய இளைஞன் முதல் முறை கேட்டான், சிரிப்பில்லை. இரண்டாம் முறை கேட்டான். அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிரிப்பு. பழைய துணிப் பெட்டியின் சாவியை நீட்டியபோது, "கட்டுமரத்தையும் வித்துடுவான் பாவி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவியின் குரல் எழுந்தது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. பணப்பை மீண்டும் சட்டைக்குள் போனபோது எழுந்த ஓசை சிரிப்பா கூச்சலா என்று பிரித்துச் சொல்ல நம்மால் இயலாது. யாரோ ஒருவர் எழுந்து, "எடுடா வெளிய!" என்றார். நடித்தவன் பயந்து, எழுதிவைத்ததைவிட முன்னதாகவே பையை எடுத்துக் கொடுத்துவிட்டான். பிரெஞ்சு ஆசிரியப் பெரியவருக்கு அதில் வருத்தம். இரண்டு நல்ல வரிகள் போயின என்றார்.

கண்டிப்பவரும் இருந்தனர். வேலைக்காரன் தலையில் கட்டோடு சாகக் கிடப்பதாக நடித்து மன்னிப்புப் பெறும் இறுதிக் காட்சி, ஒப்புரவு அருளடையாளத்தையே கேலி செய்வதாக ஒருவர் நமக்குக் கடிதம் எழுதினார். அவரை நேரில் சந்தித்து, மன்னிப்புக் கேட்டவன் நடித்தான், மன்னித்தவர்கள் நடிக்கவில்லையே என்றோம். அவர் ஏற்கவில்லை. வரும் ஆண்டும் ஞானசவுந்தரியே போடலாம் என்று பேரவையில் ஒரு மனு இருக்கிறது. அதுவும் நல்ல நாடகந்தான்.

இரண்டு வாரம் கழித்து, மேடுகளில் ஒன்றிலிருந்து ஊர்ப் பஞ்சாயத்தார் நால்வர் பங்கு இல்லத்துக்கு வந்தனர். அவர்களுடைய ஊரிலும் நாடகத்தைப் போட வேண்டும் என்றனர். செலவைப் பற்றிப் பேசினோம், மின்சாரத்தைப் பற்றிப் பேசினோம், பெண் பிள்ளைகளை இரவில் பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவது பற்றியும் பேசினோம். கிறிஸ்துமசுக்கு முன்னே வரலாமா என்று கேட்டோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடை தொடங்கும், சூன் 14 வரை அறுபத்தொரு நாள் எந்த விசைப்படகும் போகாது, அதற்குள் வாருங்கள் என்றனர். அப்போதுதான் எல்லாரும் கரையில் இருப்பார்களாம்.